போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல தங்கி டிரினிடாட் சுத்துறது எப்படி? ஒரு நாளைக்கு ஒரு திசை, முழு வழிகாட்டி

கரீபியன்ல இருக்க டிரினிடாட் மேப்பை எடுத்துப் பாத்தா சின்னத் தீவுதான், மொத்தமே 4,800 சதுர கிலோமீட்டருக்கு உள்ள, அதனால ப்ளான் போடுற முக்கால்வாசிப் பேர் காலைல மராக்காஸ் பீச், மத்தியானம் பிட்ச் லேக்னு சொல்ற தார் ஏரி, ராத்திரி ஆமை பாக்குறதுன்னு ஒரே நாள்ல எழுதி வச்சுடுறாங்க. அது நடக்காது. போர்ட் ஆஃப் ஸ்பெயின் தீவோட வடமேற்கு மூலைல ஒட்டிக்கிட்டு இருக்கு, வடக்கு முழுக்க மலை, 940 மீட்டர் வரைக்கும் போகுது, அந்த மலையத் தாண்டுற ரோடு ரொம்பக் கம்மி, இருக்கறதும் வளைஞ்சு வளைஞ்சு மணிக்கு 30 கி.மீ.க்கு மேல போக முடியாத ரோடு. அதனால வழி ஒண்ணுதான்: ஒரு நாளைக்கு ஒரு திசை. மேற்குன்னா மேற்கு மட்டும், தெற்குன்னா தெற்கு மட்டும். இப்படிப் பிரிச்சுக்கிட்டா தினமும் ராத்திரி அதே ரூமுக்கு வந்து தூங்கலாம், பெட்டியத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

கிரிக்கெட் பாக்க வர்றவங்களுக்கும் இதுதான் சொல்வேன். குயின்ஸ் பார்க் ஓவல் ஊருக்குள்ளயே இருக்கு. 1971ல இந்தியா வெஸ்ட் இண்டீஸை முதல் தடவை டெஸ்ட்ல ஜெயிச்சது அங்கதான், ரெண்டாவது இன்னிங்ஸ்ல நம்ம வெங்கட்ராகவன் 5 விக்கெட் எடுத்தார். 1976ல 400க்கு மேல சேஸ் பண்ணி ஜெயிச்சதும் அதே கிரவுண்ட்தான். மேட்ச் மூணாவது நாளே முடிஞ்சு போச்சுன்னா மிச்ச ரெண்டு நாளை என்ன பண்றதுன்னு கீழ இருக்கு.

படி 1: மாசமும் கிழமையும் பாத்துக்கங்க

ஜனவரிலேருந்து மே வரைக்கும் வெயில் காலம், ஜூன்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழை. மழைன்னா நாள் முழுக்க அடைச்சுப் பெய்யறது இல்ல, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல ஒரு வெளு வெளுத்துட்டு விட்டுடும், செப்டம்பர் அக்டோபர்ல நடுவுல கொஞ்ச நாள் காய்ஞ்சும் கிடக்கும். புயல்கள் பெரும்பாலும் வடக்கால போயிடும், ஆனா மழைல மலை ரோட்டுல மண் சரியறது சகஜம், அதனால மழைக் காலத்துல வடக்கு கிழக்கு ட்ரிப்புக்குக் கிளம்புற அன்னிக்குக் காலைல ரோடு திறந்திருக்கான்னு தங்கியிருக்க இடத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

பிப்ரவரி மார்ச் வாக்குல கார்னிவல்னு பெரிய தெருத் திருவிழா வரும், அந்தத் திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் டே ட்ரிப்ப மறந்துடுங்க, ஊரே ரோட்டுல ஆடிட்டு இருக்கும், டிரைவர் கிடைக்க மாட்டாங்க. மறுநாள் புதன்கிழமை பாதி ஊரு மராக்காஸ் பீச்லதான் படுத்திருக்கும்.

இன்னொண்ணு சூரியன். வருஷம் முழுக்க சாயங்காலம் ஆறு ஆறரைக்குள்ள இருட்டிடும். கோடைல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்ங்கற ஐரோப்பா கணக்கெல்லாம் இங்க செல்லாது, நம்மூர்க் கணக்குதான்.

படி 2: வண்டி

ஊருக்குள்ள சவுத் கீல சிட்டி கேட்னு ஒரு இடம், பழைய ரயில்வே ஸ்டேஷன், 1968ல ரயிலை நிறுத்துனதுக்கு அப்புறம் இப்ப பஸ், மேக்ஸி டாக்ஸி எல்லாத்துக்கும் அதுதான் மையம். மேக்ஸின்னா நம்ம ஷேர் வேன்தான், உடம்புல ஒரு கலர் பட்டை இருக்கும், அந்தக் கலர வச்சு எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம். மஞ்சள் பட்டை போர்ட் ஆஃப் ஸ்பெயின் சுத்துவட்டாரம், மேற்குல சாகுவாரமாஸ் வரைக்கும். சிவப்பு கிழக்கு, அரிமா பக்கம். பச்சை தெற்கு, சாகுவானாஸ், சான் ஃபெர்னான்டோ. இந்த மூணு தெரிஞ்சா போதும்.

ரூட் டாக்ஸின்னு சாதாரண கார் மாதிரியே ஓடும், நம்பர் ப்ளேட் ஹெச்ல ஆரம்பிச்சா அது லைசென்ஸ் உள்ள வாடகை வண்டி, பி-ல ஆரம்பிச்சா பிரைவேட் கார். பி ப்ளேட் போட்டுட்டு ஆளேத்துற வண்டிங்க நிறைய இருக்கு, உள்ளூர்க்காரங்களே ஏறுவாங்க, நீங்க ஏறாதீங்க. ஊபர் இல்ல, உள்ளூர் ஆப் இருக்கு, ஹோட்டல்ல கேட்டா சொல்வாங்க. வண்டில ஏறும்போது "குட் மார்னிங்" சொல்லிட்டு ஏறுங்க, கடைக்குள்ள நுழையும்போதும் அப்படித்தான், சொல்லாம நேரா விஷயத்துக்கு வந்தா திமிர் புடிச்ச ஆளுன்னு நினைப்பாங்க.

நாலு பேரா போறீங்கன்னா கார் வாடகைக்கு எடுக்கறதுதான் லாபம். இடது பக்க டிரைவிங், ஸ்டியரிங் வலது பக்கம், நம்மளுக்குப் பழக்கமானதுதான். சர்வதேச டிரைவிங் பெர்மிட் கைல வச்சுக்கங்க. ஒரு எச்சரிக்கை: கிழக்கு நோக்கிப் போற ப்ரையாரிட்டி பஸ் ரூட்னு ஒரு ரோடு, பழைய ரயில் பாதை மேல போட்டது, காலியா அழகா இருக்கும், கூகுள் மேப் பாத்துட்டு அதுல நுழைஞ்சுடாதீங்க, அது பஸ்ஸுக்கும் மேக்ஸிக்கும் பாஸ் வச்சிருக்கவங்களுக்கும் மட்டும்தான், புடிச்சா அபராதம்.

ட்ராஃபிக் உங்களுக்கு சாதகமா இருக்குங்கறது பல பேருக்குத் தெரியாது. காலைல கூட்டம் மொத்தமும் ஊருக்குள்ள வரும், சாயங்காலம் ஊரை விட்டு வெளிய போகும். நீங்க பண்றது நேர் எதிர், காலைல வெளிய போறீங்க, சாயங்காலம் உள்ள வர்றீங்க, எதிர்ப் பக்கம் ஹைவேல வண்டி மேல வண்டி நிக்கும், நீங்க ஜாலியா போயிட்டே இருப்பீங்க. தங்குற இடத்தை ஊருக்குள்ள போட்டுக்கங்கன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்கு இதுதான் காரணம், ஏர்போர்ட் இருக்க பியார்கோ பக்கம் தங்குனா இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாயிடும்.

படி 3: கிளம்பறதுக்கு முன்னாடி சில விஷயம்

காசு: ஒரு அமெரிக்க டாலருக்கு ஆறே முக்கால் டிடி டாலர் (டிரினிடாட் டொபேகோ டாலர்) கிட்ட வரும். கடைல வெறும் டாலர்னு விலை போட்டிருந்தா அது டிடி டாலர்தான், பயப்படாதீங்க. மேக்ஸிக்கும் ரோட்டுக் கடைக்கும் சில்லறை வேணும், கார்டு எல்லா இடத்துலயும் போகாது.

துணி: மிலிட்டரி டிசைன் போட்ட பேன்ட், தொப்பி, பை எதுவும் எடுத்துட்டு வராதீங்க. பொதுமக்கள் அதைப் போடறது இங்க சட்டப்படி குத்தம், குழந்தைங்க ட்ரெஸ் உட்பட.

பாதுகாப்பு: இதை மூடி மறைக்க வேண்டாம், க்ரைம் இருக்கு, 2024 கடைசில எமர்ஜென்சியே அறிவிச்சாங்க. கேங் சண்டைகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஏரியாக்கள்லதான், லாவென்டில், சீ லாட்ஸ் பக்கம் தெரியாத ஆள் சும்மா சுத்திப் பாக்கப் போக வேண்டாம். டவுன்டவுன்ல இருட்டுனதுக்கு அப்புறம் நடக்காதீங்க. காட்டுப் பாதை, அருவி இதுக்கெல்லாம் தனியா இல்லாம குரூப்பா, முடிஞ்சா உள்ளூர் கைடோட போங்க. நகையை ரூம்லயே கழட்டி வச்சுடுங்க. இவ்வளவுதான், இதுக்கு மேல பயந்து ரூம்லயே உக்காந்தா வந்ததுக்கு அர்த்தமே இல்ல.

சாப்பாடு: காலைல ரோட்டோரம் டபுள்ஸ் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. எண்ணெய்ல பொரிச்ச மெத்து மெத்துன்னு ரெண்டு பாரா, நடுவுல கொண்டைக்கடலை கறி, மேல புளிச் சட்னி, வெள்ளரிக்கா, மிளகாய். மிளகாய் எவ்வளவுன்னு கேப்பான், "ஸ்லைட்" னு சொல்லுங்க, நம்ம காரத்துக்குப் பழகினவன்னு வீரம் காட்டாதீங்க, அங்க போடறது ஸ்கார்ப்பியன் வகை மிளகாய், அது வேற லெவல். சைவக்காரங்களுக்கு இந்த ஊர் சொர்க்கம், எந்த ரொட்டிக் கடைக்குப் போனாலும் தால்பூரி கூட பூசணிக்கா, உருளைக்கிழங்கு, கடலை, காராமணிக்கா கறின்னு கிடைக்கும்.

படி 4: மேற்கு, சாகுவாரமாஸ் (முதல் நாளுக்கு சரியானது)

விமானத்துல வந்த களைப்பு இருக்கும்போது தூரமா போக வேண்டாம், சாகுவாரமாஸ் அரை மணி நேரம்தான், மஞ்சள் மேக்ஸிலயே போலாம். இது 1941லேருந்து அமெரிக்கக் கடற்படை குத்தகைக்கு வச்சிருந்த இடம், ஊர் மக்களுக்குப் பக்கத்துல இருந்த பீச் எல்லாம் போச்சு. பிரிட்டிஷ் கரீபியன் தீவுங்க சேந்து அமைச்ச வெஸ்ட் இண்டீஸ் கூட்டமைப்புக்குத் தலைநகர் இங்கதான் வேணும்னு முடிவு பண்ணப்ப அமெரிக்கா தர மாட்டேன்னுச்சு, 1960 ஏப்ரல் 22ல டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ் கொட்டற மழைல ஊர்வலம் போனார், அதுக்கப்புறம்தான் விஷயம் நகர ஆரம்பிச்சது. இந்தக் கதை தெரிஞ்சுட்டுப் போனா அங்க காட்டுக்குள்ள இடிஞ்சு கிடக்கற பங்கர் எல்லாம் என்னன்னு புரியும்.

மெயின் ரோட்டுல இறங்குனா டக்கர் வேலிங்கற பள்ளத்தாக்கு உள்ள கொஞ்சம் தூரம், நடக்கலாம், வெயில்ல கஷ்டம், அதனால ஒரு டாக்ஸி பேசிக்கங்க. பேம்பூ கதீட்ரல்னு ரோட்டோட ரெண்டு பக்கமும் மூங்கில் வளைஞ்சு மேல கோபுரம் மாதிரி சேந்திருக்கும், காலைல சீக்கிரம் போனா ஹவ்லர் குரங்கு கத்தறது கேக்கும், சத்தத்தைக் கேட்டா ஏதோ பெரிய மிருகம்னு நினைப்பீங்க, பாத்தா மரத்து மேல ஒரு செந்நிறக் குரங்கு உக்காந்திருக்கும். அப்படியே மேல ஏறுனா பழைய ட்ராக்கிங் ஸ்டேஷன். இறங்கி மக்கரீப் பேல ஒரு குளியல், சின்ன வளைகுடா, அலை அடங்கி இருக்கும், குழந்தைங்களோட போறவங்களுக்கு மராக்காஸை விட இதுதான் சரி.

மத்தியானம் படகுல காஸ்பரீ குகை போலாம், காஸ்பர் கிராண்டே தீவு, சுண்ணாம்புக் குகை, அடில தெளிவான தண்ணிக் குளம். படகு கொஞ்ச நேரம்தான், ஆனா இறங்குனதும் ஏத்தம், வயசானவங்களுக்கு மூச்சு வாங்கும். இன்னும் மேற்கே சகசகாரே தீவு, 1984 வரைக்கும் தொழுநோயாளிங்களை வச்சிருந்த இடம், கட்டடமெல்லாம் அப்படியே கிடக்கு, அங்கேருந்து வெனிசுவேலா கண்ணுக்குத் தெரியும். அந்தத் தீவுல கடற்கரை ஓரமா மாஞ்சினீல்னு ஒரு மரம் இருக்கு, சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி காய், தொடாதீங்க, மழைல அது கீழ நிக்கவும் கூடாது, பால் பட்டா தோல் வெந்துடும்.

நெல்சன் தீவைத் தனியா சொல்லணும். டிரினிடாடுக்கு இந்தியக் கூலிங்க முதல்ல வந்தது 1845 மே 30, ஃபடல் ரசாக் கப்பல்ல. அங்கேருந்து 1917 வரைக்கும் 1,40,000க்கு மேல ஆளுங்க வந்தாங்க. 1866லேருந்து வந்தவங்க எல்லாரையும் முதல்ல இறக்கினது இந்தக் குட்டித் தீவுலதான், உடம்பு பரிசோதனை முடிச்சு, அங்கேருந்துதான் எந்தக் கரும்புத் தோட்டம்னு பிரிச்சு அனுப்பினாங்க. பெரும்பாலானவங்க கல்கத்தா வழியா வந்த போஜ்புரிக்காரங்க, மெட்ராஸ் வழியா வந்த நம்ம ஆளுங்க கொஞ்சம் பேர்தான். ஆனாலும் முனுசாமி, வீராசாமின்னு பேர் வச்ச குடும்பங்க இன்னிக்கும் இருக்கு, காளி கோயில் பூஜையை மெட்ராசி வழிபாடுன்னுதான் அங்க சொல்றாங்க. பாரம்பரிய இடங்களைப் பாத்துக்கற நேஷனல் ட்ரஸ்ட் அப்பப்ப இந்தத் தீவுக்குப் படகு டூர் போடுது, தினமும் கிடையாது, பயணத் தேதி முடிவான உடனே முதல்ல இதைக் கேட்டு புக் பண்ணிட்டு மிச்ச நாளை அதைச் சுத்தி அடுக்குங்க. என்னைக் கேட்டா இந்த ஊர்ல ஒரே ஒரு இடம் பாக்கலாம்னா இதுக்குத்தான் போகச் சொல்வேன்.

படி 5: வடக்கு, மராக்காஸ்

சாகுவாரமாஸ் பீச்சை எடுத்துக்கிட்டதுக்கு பதிலா அமெரிக்கக்காரன் போட்டுக் குடுத்ததுதான் இந்த நார்த் கோஸ்ட் ரோடு. ஊர்லேருந்து 45 நிமிஷம், மலை மேல ஏறி இறங்கணும், வாந்தி வர்ற ஆளுங்க முன் சீட்ல உக்காருங்க. பாதி வழில ஒரு லுக்அவுட், வண்டிய நிறுத்தி இறங்குனா கீழ கரும்பச்சை மலையும் கடலும், பக்கத்துல சின்னச் சின்னக் கடைங்க. அங்க மாங்கா சௌ, அன்னாசி சௌ வாங்குங்க, பழத்தை நறுக்கி உப்பு, பூண்டு, மிளகாய், ஷேடோ பெனின்னு கொத்தமல்லி வாசனை அடிக்கற ஒரு இலை போட்டுப் பிசைஞ்சு குடுப்பாங்க, புளி உருண்டையும் இருக்கும்.

மராக்காஸ் பீச்ல எல்லாரும் சாப்பிடறது பேக் அண்ட் ஷார்க், பொரிச்ச ரொட்டிக்குள்ள பொரிச்ச சுறா, மேல நீங்களே பத்து வகை சட்னி சாலட் போட்டுக்கலாம். சுறா எண்ணிக்கை உலகம் பூரா குறைஞ்சுட்டு வர்றதால எனக்கு அதுல இஷ்டம் இல்ல, அதே கடைலயே வேற மீன் வச்சு கேட்டாலும் தருவாங்க, ருசி பாதிக்கு மேல அந்த சட்னிலதான் இருக்கு, ஒண்ணும் குறையாது.

கடல் இங்க முரட்டுத்தனமானது. உள்ள இழுக்கற நீரோட்டம் உண்டு, லைஃப் கார்டு கொடி நட்டிருக்க இடத்துக்கு நடுவுல மட்டும் இறங்குங்க, சிவப்புக் கொடி இருந்தா இறங்கவே வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஊரே அங்கதான் இருக்கும், பாட்டு சத்தம் கூட்டம் புடிக்கும்னா ஞாயிறு, இல்லன்னா செவ்வாய் புதன்.

பொதுப் போக்குவரத்துல போறது கொஞ்சம் ரிஸ்க், போறதுக்கு வண்டி கிடைச்சுடும், திரும்பி வரத்தான் கிடைக்காது. டாக்ஸி பேசும்போதே போக வர, காத்திருக்கற நேரம் எல்லாம் சேத்து மொத்தமா எவ்வளவுன்னு ஏறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

நேரம் இருந்தா இன்னும் முன்னாடி போய் லாஸ் கியூவாஸ், அமைதியான பீச், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு மேல சாண்ட்ஃப்ளைன்னு கண்ணுக்கே தெரியாத கொசு கால்ல பிச்சு எடுத்துடும், அதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க. அதையும் தாண்டி பிளாஞ்சிஷூஸ், அங்க மரியான் ஆறு கடல்ல சேருது. அங்கேருந்து மலை வழியா அரிமாவுக்கு இறங்கி ஒரு வட்டம் அடிச்சு ஊருக்கு வரலாம், நாள் முழுக்க ஆகும், ரோடு மோசம், ஆனா தீவுலயே அழகான டிரைவ் அதுதான், நல்ல டிரைவரும் காய்ஞ்ச வானமும் இருந்தா மட்டும் பண்ணுங்க.

அப்புறம் மராக்காஸ் அருவின்னு ஒண்ணு கேள்விப்படுவீங்க, 90 மீட்டர் உசரம். அது மராக்காஸ் பீச் பக்கத்துல இல்லவே இல்ல! மலைக்கு அந்தப் பக்கம், செயின்ட் ஜோசப் பள்ளத்தாக்குல இருக்கு, பேர் மட்டும்தான் ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல போடாதீங்க, அருவி கிழக்குக் கணக்கு.

படி 6: தெற்கு, ஒரு முழு நாள்

எனக்கு ரொம்பப் புடிச்ச நாள் இது, நேரம் மட்டும் ஒழுங்கா இருந்தா மூணு நாள்ல பாக்க வேண்டியதை ஒரே கோட்டுல பாத்துடலாம், ஏன்னா தார் ஏரி, இந்தியக் கோயில்கள், கரோனி சதுப்புநிலம் மூணும் ஒரே ஹைவே ஓரம். ரகசியம் என்னன்னா முதல்ல கடைசிக்குப் போயிட்டு அங்கேருந்து திரும்பி வந்துட்டே பாக்கறது.

காலை 7 மணிக்குக் கிளம்புங்க. யூரியா பட்லர் ஹைவே, அப்புறம் சாலமன் ஹோச்சாய் ஹைவே. பட்லர் 1937 எண்ணெய்த் தொழிலாளர் போராட்டத்தோட தலைவர், ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அவரைப் புடிச்சு வச்சிருந்ததும் அதே நெல்சன் தீவுலதான். சான் ஃபெர்னான்டோ கிட்ட தரூபால பிரையன் லாரா ஸ்டேடியம் வரும், 2024 டி20 உலகக் கோப்பை செமிஃபைனல்ல ஆப்கானிஸ்தான் 56 ரன்னுக்கு சுருண்டது அங்கதான். ஒன்பது மணி சுமாருக்கு லா ப்ரே.

லா ப்ரே வந்துட்டீங்கன்னு ரோடே சொல்லும், மேலயும் கீழயும் ஆடும், வீடுங்க கொஞ்சம் சாஞ்சு நிக்கும், அடில தார் நகர்ந்துட்டே இருக்கறதால. பிட்ச் லேக் 100 ஏக்கர், ஆழம் 75 மீட்டர் கிட்ட, உலகத்துலயே பெரிய இயற்கைத் தார் ஏரி. 1595ல வால்ட்டர் ராலே வந்து இந்தத் தாரைத்தான் கப்பல் ஓட்டை அடைக்க எடுத்தான், 1876ல வாஷிங்டன் பென்சில்வேனியா அவென்யூவுக்குப் போட்டதும் இங்கேருந்து போனதுதான். மேல நடக்கலாம், சுருங்கின யானைத் தோல் மாதிரி இருக்கும், சில இடம் கெட்டி, சில இடம் கால் வச்சா மெல்ல உள்ள போகும். அதனாலதான் கைடு இல்லாம இறங்கக் கூடாது. வழிலயே நாலு பேர் நான்தான் கைடுன்னு வண்டிய மறிப்பாங்க, நிக்காம நேரா விசிட்டர் சென்டர் போய் அங்க இருக்க கைடை எடுங்க. தட்டையான பழைய செருப்பு போடுங்க. மழைக் காலத்துல மடிப்புங்கள்ல தண்ணி தேங்கி கந்தகக் குளம் மாதிரி இருக்கும், உள்ளூர்க்காரங்க சருமத்துக்கு நல்லதுன்னு இறங்கிக் குளிப்பாங்க, மாத்துத் துணி இருந்தா நீங்களும் இறங்கலாம். வெறும் கறுப்பு மைதானத்துக்கா ரெண்டு மணி நேரம் வந்தோம்னு சொல்றவங்களும் இருக்காங்க, கைடு நல்லா அமைஞ்சா அப்படித் தோணாது.

பதினோரு மணிக்கு அங்கேருந்து கிளம்பி வடக்கே திரும்புனா பன்னெண்டரைக்குக் காரப்பிச்சைமா. அங்க தத்தாத்ரேய யோகா சென்டர்ல 85 அடி அனுமார், கோயில் திராவிடப் பாணில இருக்கும், கரும்பு வெளஞ்ச நிலத்துக்கு நடுவுல அந்தக் கோபுரத்தைப் பாத்தா கொஞ்ச நேரம் எந்த நாட்டுல இருக்கோம்னே புரியாது. இந்தியாவுக்கு வெளிய இதுதான் உசரம்னு ரொம்ப வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க, 2024ல டெக்சாஸ்ல 90 அடில ஒண்ணு வந்துடுச்சு, உள்ளூர்ல அதைச் சொன்னா ரசிக்க மாட்டாங்க.

அங்கேருந்து கொஞ்ச தூரத்துல வாட்டர்லூ, கடலுக்குள்ள இருக்க கோயில். இதைக் கட்டுனது சிவதாஸ் சாதுன்னு ஒரு கூலித் தொழிலாளி. முதல்ல 1947ல கடற்கரை ஓரம் கோயில் கட்டினார், நிலம் சர்க்கரைக் கம்பெனியோடதுன்னு வழக்கு போட்டு 1952ல இடிச்சாங்க, அவருக்கு 14 நாள் ஜெயில், அபராதம் வேற. நிலத்துல கட்டக் கூடாதுன்னா கடல் யாருக்கும் சொந்தம் இல்லைல்லன்னு, சைக்கிள்ல கல்லும் மண்ணும் சிமெண்டும் கொண்டு போய் கடலுக்குள்ள தானே கொட்டிக் கொட்டி வருஷக்கணக்கா ஒத்த ஆளா ஒரு தீவையே உருவாக்கினார். கடல் அரிச்சு பாதி போச்சு, இந்தியர் வந்த 150வது வருஷத்தை ஒட்டி 1995 வாக்குல அரசாங்கம் அதை ஒழுங்கா எடுத்துக் கட்டினது, இப்ப நடந்தே போலாம். சுத்தி கலர் கலரா ஜண்டின்னு பூஜைக்கு நடற கொடி, கரைல அவருக்கு ஒரு சிலை. பக்கத்துலயே சுடுகாடு இருக்கு, அங்க காரியம் நடந்துட்டு இருந்தா கேமராவை உள்ள வச்சுடுங்க. இண்டியன் கரீபியன் மியூசியமும் இதே வாட்டர்லூலதான், திறந்திருக்கற கிழமை கேட்டுட்டுப் போங்க.

சாகுவானாஸ்ல ரொட்டி சாப்பிட்டுட்டு, பக்கத்துல சேஸ் வில்லேஜ்ல மண்பாண்டக் கடைங்க இருக்கு, தீபாவளி விளக்கு இன்னும் கையால செய்யறாங்க, கால் மணி நேரம் நின்னு பாருங்க.

மூணரைக்குள்ள கரோனி வந்துடணும், இது தாமதமாகக் கூடாத ஒரே இடம். கரோனி சதுப்புநிலக் காட்டுக்குள்ள படகு சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கிளம்பிடும், முன்னாடியே புக் பண்ணிடுங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள கால்வாய்ல மெதுவா போவாங்க, பிச்சாவரம் போனவங்களுக்கு முதல் அரை மணி நேரம் பழக்கமான காட்சிதான். கிளைல சுருண்டு கிடக்கற பாம்பு, மரமேறும் நண்டு, அதிர்ஷ்டம் இருந்தா பந்து மாதிரி தூங்கற குட்டி எறும்புத்தின்னி. அப்புறம் ஒரு அகலமான ஏரில படகைக் கட்டிட்டு எஞ்சினை நிறுத்திடுவாங்க. அஞ்சரை மணிக்கு மேல செவ்வரிவாள் மூக்கன் (ஸ்கார்லெட் ஐபிஸ்) பறவை ஒண்ணு ரெண்டா வர ஆரம்பிச்சு, பத்து இருபதாகி, நூத்துக்கணக்குல வந்து ஒரே தீவு மரத்துல உக்காரும், பச்சை மரம் சிவப்பாயிடும். திங்கற நண்டு எறால்ல இருக்க நிறமிதான் இந்தச் சிவப்புக்குக் காரணம், குஞ்சுங்க பழுப்பாத்தான் இருக்கும். நாட்டோட தேசியப் பறவை, இருந்தும் கறிக்காக வேட்டையாடினாங்க, இப்ப தண்டனையக் கடுமையாக்கி ஒரு லட்சம் டிடி டாலர் வரைக்கும் அபராதமும் ஜெயிலும் இருக்கு. படகு கிட்டப் போகாது, அதனால பைனாகுலர் அவசியம், போன் கேமரால சிவப்புப் புள்ளிதான் வரும். சிவப்பு ட்ரெஸ் போடாதீங்க, கொசு மருந்து மறக்காதீங்க. இங்கேருந்து ஊருக்கு இருபது நிமிஷம், தெற்கே போற லேன்ல நிக்கற வண்டிகளுக்கு டாட்டா காட்டிட்டு வந்துடலாம்.

கார் இல்லன்னா இந்த நாளைப் பாதியா வெட்டுங்க: பச்சை மேக்ஸில சாகுவானாஸ், அங்கேருந்து ரூட் டாக்ஸில காரப்பிச்சைமா, வாட்டர்லூ, சாயங்காலம் கரோனி. பிட்ச் லேக்க விட்டுடுங்க.

படி 7: கிழக்கு, பறவைக்காரங்களுக்கு

பறவைல ஆர்வம் இல்லன்னா இந்த நாளை விட்டுட்டு இன்னொரு தடவை பீச் போங்க, நஷ்டம் இல்ல. ஆர்வம் இருந்தா இது ஒண்ணுக்காகவே இந்த நாட்டுக்கு வரலாம், 450 வகைக்கு மேல பறவை இருக்கு. அரிமாவுக்கு மேல மலைல ஏசா ரைட் நேச்சர் சென்டர், 1967ல ஆரம்பிச்சது, பழைய கோக்கோ காபி எஸ்டேட் பங்களா. வராண்டால நாற்காலி போட்டு உக்காந்தா போதும், தேன்சிட்டு சைஸ்ல ஹம்மிங்பேர்ட் முகத்துக்கு முன்னாடி வந்து நிக்கும். அங்க ஒரு குகைல ஆயில்பேர்ட்னு ராத்திரில மட்டும் பழம் தின்னற பறவை கூட்டமா இருக்கு, வவ்வால் மாதிரி சத்தத்தை எழுப்பி அந்த எதிரொலிய வச்சுத்தான் இருட்டுல பறக்கும், கைடோடதான் விடுவாங்க, எல்லா நாளும் கிடையாது. டே விசிட்டுக்கே முன்பதிவு வேணும், போன் பண்ணாம மலை ஏறாதீங்க. அவ்வளவு தூரம் வேண்டாம்னா செயின்ட் ஜோசப் பள்ளத்தாக்குல யெரெட்னு ஒரு வீட்டுத் தோட்டம், ஹம்மிங்பேர்டுக்குன்னே வச்சிருக்காங்க, அதுவும் சொல்லிட்டுத்தான் போகணும்.

திரும்பற வழில டுனாபுனா மேல மவுண்ட் செயின்ட் பெனடிக்ட் மடம், 1912ல தொடங்கினது, கீழ கரோனி சமவெளி முழுக்கத் தெரியும், மடத்துத் தயிர் பேர் போனது. க்யூரெப் ஜங்ஷன்ல இறங்கி டபுள்ஸ் சாப்பிடாம ஊருக்குள்ள வராதீங்க.

ஒரே நாள்ல முடியாத ரெண்டு

ஆமை. தோணி ஆமை, உலகத்துலயே பெருசு, முட்டையிட வர்றது மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும், ராத்திரில. மட்டுரா பீச் ரெண்டு மணி நேரத்துக்குள்ள, பெர்மிட்டும் கைடும் கட்டாயம், ஃப்ளாஷ் கூடாது, நடுராத்திரி தாண்டிதான் திரும்புவீங்க, அதனால அடுத்த நாள் காலைல எதுவும் வச்சுக்காதீங்க. கிராண்ட் ரிவியேர் இன்னும் தூரம், ஆனா ஆமை எண்ணிக்கை அங்க அதிகம், ரூம் எடுத்துத் தங்கிட்டு விடியக்காலைல கடல் ஓரமே நடந்து பாக்கறதுதான் சரி.

டொபேகோ, இதே நாட்டோட இன்னொரு தீவு. விமானத்துல 25 நிமிஷம்தான்னு காலைல போய் சாயங்காலம் வர்றவங்க இருக்காங்க, பிஜியன் பாயிண்ட், கண்ணாடி அடிப் படகுல புக்கூ ரீஃப், நைலான் பூல், ஸ்டோர் பேல நண்டும் டம்ப்ளிங்கும்னு ஓடி ஓடிப் பாத்துடலாம். ஆனா விமானம் தாமதமானா நாளே போச்சு, ஃபெர்ரின்னா போகவே மூணு நாலு மணி நேரம், கடல் ஆட்டத்துல வயித்தைப் பொரட்டும். ரெண்டு ராத்திரி ஒதுக்க முடிஞ்சா போங்க, லீவு ஈஸ்டர் சமயம்னா டிக்கெட்டை ரொம்ப முன்னாடியே போட்டுடுங்க, உள்ளூர்க்காரங்களே எல்லா சீட்டையும் எடுத்துடுவாங்க.